ஷோகுன் பட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய வரலாற்றைப் படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் தடுமாறும் இடம் ஷோகுன் என்ற பட்டம். பேரரசர் ஒருவர் இருக்கிறார், ஆனால் ஆள்வது இன்னொருவர். அந்த இன்னொருவரின் பட்டமோ ஒரு படைப் பதவியின் பெயர். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்பவர்கள் கேட்கும் விதத்திலேயே கீழே தொகுத்திருக்கிறோம்.

ஷோகுன்னா என்ன அர்த்தம்? ராஜாவா, தளபதியா?

சொல்லுக்குப் பொருள் படைத்தலைவர் என்பதுதான். 'ஷோ' என்ற எழுத்து படையை நடத்துபவரைக் குறிக்கும், 'குன்' என்பது படை. இரண்டு எழுத்துகளும் சீனத்திலிருந்து வந்தவை. சீனர்கள் ஜியாங்ஜுன் என்றும் கொரியர்கள் ஜாங்குன் என்றும் படிப்பது இதே சொல்லைத்தான்.

ராஜா என்று மொழிபெயர்ப்பது தவறு. அரியணை எப்போதும் பேரரசருடையது. எவ்வளவு வலிமையான ஷோகுனும் அவரால் நியமிக்கப்பட்டவரே. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை தாமாகவே அவிழும்.

முழுப் பட்டம் இன்னும் நீளமா இருக்குமாமே?

ஆமாம். சேய்-இ-தை-ஷோகுன். 'சேய்' என்றால் படையெடுத்துச் சென்று அடக்குதல். 'இ' என்பது அரசின் ஆட்சிக்கு வெளியே இருந்தவர்களை இழிவாகக் குறித்த எழுத்து. 'தை' என்றால் பெரிய. ஆக, 'புறத்தாரை அடக்கச் செல்லும் பெரும்படைத்தலைவர்'.

இது ஒரு குறிப்பிட்ட வேலைக்கான பெயர் என்பதைக் கவனியுங்கள். நாட்டை ஆளும் பொறுப்பு பட்டத்தின் எந்த எழுத்திலும் இல்லை. கிழக்கை அடக்கப் போனவருக்குச் சேய்-தோ, அதாவது 'கிழக்கை அடக்கும்' என்ற முன்னொட்டு உண்டு. வடக்குக் கோட்டையிலேயே தங்கிக் காவல் காத்தவர் சின்ஜூஃபு ஷோகுன். பழைய ஏடுகளில் வெறும் 'ஷோகுன்' என்று வந்தால், எந்த முன்னொட்டு உள்ளவர் என்று பார்த்த பிறகே யார் என்று முடிவு செய்ய வேண்டும். பல மொழிபெயர்ப்புகள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

அடக்கப் போனாங்கன்னா யாரை? ஐனு மக்களையா?

ஏடுகள் அவர்களை எமிஷி என்கின்றன. ஹொன்ஷூ தீவின் வடகிழக்கில், அன்றைய முத்சு, தேவா மாகாணங்களில் வாழ்ந்தவர்கள். குதிரையிலிருந்தபடி வில்லெய்வதில் வல்லவர்கள். ஐனு என்பவர்கள் இன்னும் வடக்கே ஹொக்கைடோ தீவின் பழங்குடி மக்கள். எமிஷியும் ஐனுவும் ஒன்றே என்று எழுதிவிட வேண்டாம். இரு மக்களுக்கும் தொடர்பு எவ்வளவு என்பது அறிஞர்களிடையே இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

நாராவைத் தலைநகராகக் கொண்ட பேரரசின் அரசுக்கு வடகிழக்கின் மீது கண் இருந்தது. 749-இல் முத்சுவில் பொன் கிடைத்ததும் அது இன்னும் கூர்மையானது. 780-இல் எமிஷியர் எழுந்து தாகா கோட்டையை எரித்தார்கள். 789-இல் கி நோ கோசமி நடத்திச் சென்ற பெரும்படை கித்தகாமி ஆற்றங்கரையில் அதெருயி என்ற தலைவரிடம் தோற்றது. அந்தத் தோல்வியின் கணக்கு அரசின் சொந்த ஏட்டிலேயே இருக்கிறது: போரில் வெட்டுப்பட்டு இறந்தவர் 25, அம்பு பட்டவர் 245, ஆற்றில் மூழ்கியவர் 1,036, ஆயுதமும் உடையும் களைந்து நீந்தித் தப்பியவர் 1,257. எதிரியின் வாளைவிட ஆறுதான் அதிகம் பேரைக் கொன்றது. சேய்-இ-தை-ஷோகுன் என்ற பட்டம் இந்தத் தோல்விக்கு அடுத்த படையெடுப்பில்தான் வருகிறது.

முதல் ஷோகுன் யாரு? ஒரு புத்தகத்துல தமுராமரோ, இன்னொண்ணுல யோரித்தோமோன்னு இருக்கே?

இரண்டு புத்தகங்களும் வேறுவேறு கேள்விக்கு விடை சொல்கின்றன. முழுப் பட்டத்துடன் முதலில் களத்துக்குப் போனவர் என்று பொதுவாகக் குறிக்கப்படுபவர் ஓத்தோமோ நோ ஒத்தோமரோ, 794. அவருக்குத் துணையாகப் போன சகனோவே நோ தமுராமரோ 797-இல் அதே பதவிக்கு வந்தார். 801-இல் வென்றார், 802-இல் இசாவா கோட்டையைக் கட்டினார். அதெருயி சரணடைந்ததும் அவ்வாண்டிலேயே. சரணடைந்தவரின் உயிரைக் காக்கத் தமுராமரோ அரசவையில் மன்றாடியும் பலிக்கவில்லை, அதெருயி கொல்லப்பட்டார். அந்த வெற்றியால் தமுராமரோவின் பெயர் நிலைத்தது, ஒத்தோமரோவின் பெயர் பின்னால் போய்விட்டது.

மினமோத்தோ நோ யோரித்தோமோ கிழக்கே காமகுராவில் இருந்த போர்வீரத் தலைவர், 1192-இல் நியமிக்கப்பட்டவர். பட்டத்தை வைத்துக்கொண்டு நாட்டை ஆண்ட வரிசை அவரிடம் தொடங்குகிறது. 'முதல் ஷோகுன்' என்று எழுதும்போது எந்தப் பொருளில் என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் குழப்பம் இல்லை.

'தை'ன்னா பெரியன்னு சொன்னீங்க. அது சும்மா புகழ்ச்சிக்கா?

இல்லை. அதற்கு ஒரு நிர்வாகக் கணக்கு இருந்தது. 757 முதல் நடைமுறைக்கு வந்த யோரோ சட்டத்தொகுப்பின் படைப்பிரிவுச் சட்டம் சொல்வது இது: படை 10,000 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஷோகுன் 1, துணை ஷோகுன் 2, குன்கன் என்ற மேற்பார்வை அதிகாரி 2, குன்சோ என்ற கீழதிகாரி 4, எழுத்தர் 4. படை 5,000-க்கு இறங்கினால் துணை ஷோகுன் ஒருவரும் குன்கன் ஒருவரும் எழுத்தர் இருவரும் குறைவார்கள். 3,000-க்கு இறங்கினால் குன்சோவிலும் இருவர் குறைவார்கள். இப்படிப்பட்ட மூன்று படைகளைச் சேர்த்து நடத்துபவரே தைஷோகுன்.

நடைமுறையில் இந்த எண்ணிக்கை அப்படியே பின்பற்றப்படவில்லை. 794-இல் 1,00,000 பேர் கொண்ட படைக்கு 16 குன்கன், 58 குன்சோ என்று ஏடு சொல்கிறது. 801-இல் 40,000 பேருக்கு 5 குன்கன், 32 குன்சோ. இதில் குன்சோ என்ற பெயர் மட்டும் வெகுதூரம் வந்தது. இருபதாம் நூற்றாண்டு ஜப்பானியத் தரைப்படையில் சார்ஜென்ட்டுக்கு அதே பெயர்தான்.

அப்போ அந்தக் காலத்து ஷோகுனுக்கு என்ன அதிகாரம் இருந்துச்சு?

புறப்படும்போது பேரரசர் அவரிடம் செட்டோ என்ற வாளைக் கொடுப்பார். பேரரசரின் அதிகாரத்தைத் தற்காலிகமாகக் கைமாற்றும் அடையாளம் அது. வாளை வாங்கியவர் அன்றிரவு தன் வீட்டில் தங்கக்கூடாது என்பது சட்டம். எதிரியின் முன் நிற்கும்போது கட்டளையை மீறும் கீழதிகாரிகளுக்கு மரண தண்டனை வரை அவரே விதிக்கலாம், தலைநகரைக் கேட்க வேண்டியதில்லை. திரும்பிய பிறகு அறிக்கை கொடுத்தால் போதும். போர் முடிந்ததும் வாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அத்தோடு பதவியும் முடிந்தது.

பின்னாளில் எழுந்த ஆட்சி முழுவதற்கும் வித்து இதுதான் என்பது எங்கள் எண்ணம். தலைநகரைக் கேட்காமல் முடிவெடுக்கவும், வீரர்களின் உயிர்மீது ஆணை செலுத்தவும் சட்டமே இடம் கொடுத்த பதவி இது. ஆண்டுக்கணக்கில் வாளைத் திருப்பித் தராமலே ஒருவர் இருந்துவிட்டால் அது ஒரு தனி அரசாகிவிடும்.

எமிஷிப் போர் முடிஞ்சு பல நூற்றாண்டு ஆச்சே, யோரித்தோமோ ஏன் இந்தப் பட்டத்தைப் பிடிச்சார்?

805-இல், மக்கள் தாங்கமாட்டார்கள் என்று சொல்லி அரசவை பெரும் படையெடுப்புகளை நிறுத்தியது. 811-இல் ஃபுன்யா நோ வத்தமரோ 'தை' இல்லாத சேய்-இ ஷோகுனாகப் போனார். அதற்குப் பிறகு 'சேய்-இ' என்ற முன்னொட்டு ஏறக்குறைய 380 ஆண்டுகள் தூங்கியது.

இந்தக் குறிப்பிட்ட பட்டம்தான் வேண்டுமென்று யோரித்தோமோ பிடிவாதம் பிடித்ததாகவும், மறுத்துவந்த ஓய்வுபெற்ற பேரரசர் கோ-ஷிரகாவா 1192-இல் இறந்ததும் கிடைத்ததாகவும் வெகுகாலம் எழுதிவந்தார்கள். அண்மையில் கவனத்துக்கு வந்த அரசவைக் குறிப்பு ஒன்று வேறு படத்தைக் காட்டுகிறது. யோரித்தோமோ கேட்டது 'தைஷோகுன்' மட்டுமே. முன்னொட்டைத் தேர்ந்தெடுத்தது அரசவை. அவர்கள் முன்னால் நான்கு பெயர்கள் இருந்தன. சோகன் என்பதைத் யோரித்தோமோவிடம் தோற்றுப்போன தைரா நோ முனேமோரி வைத்திருந்தார், ஆகவே அபசகுனம். சேய்-தோ-தைஷோகுன் என்பதை 1184-இல் கொல்லப்பட்ட, யோரித்தோமோவின் உறவினர் மினமோத்தோ நோ யோஷினாகா வைத்திருந்தார், அதுவும் அபசகுனம். மேல்-ஷோகுன் என்பது சீனாவில் உண்டு, ஜப்பானில் முன்மாதிரி இல்லை. எஞ்சியது சேய்-இ-தை-ஷோகுன். தமுராமரோ வெற்றியோடு வைத்திருந்த பட்டம் என்பதால் அதுவே நல்லது என்று முடிவாயிற்று.

ஆக, 'புறத்தாரை அடக்குதல்' என்ற பொருளைப் பார்த்து யாரும் இதை எடுக்கவில்லை. வைத்திருந்தவரின் ராசியைப் பார்த்து எடுத்தார்கள். யோஷினாகாவைச் சேய்-இ-தை-ஷோகுன் என்று எழுதும் பழைய நூல்களும் இந்தக் குறிப்பின்படி திருத்தப்பட வேண்டியவை.

காமகுரா ஆட்சி தொடங்கினது 1192ஆ, 1185ஆ?

பட்டம் 1192. ஆட்சி அதற்கு முன்பே. 1185-இல் மாகாணங்களுக்குக் காவல் தலைவர்களையும் நிலங்களுக்கு மேற்பார்வையாளர்களையும் நியமிக்கும் உரிமையை யோரித்தோமோ பெற்றுவிட்டார். ஜப்பானியப் பாடநூல்கள் முன்பு 1192 என்று சொல்லிவந்தன, இப்போது பெரும்பாலும் 1185 என்கின்றன. பட்டம் வந்ததால் அதிகாரம் வரவில்லை, அதிகாரம் வந்தபின் அதற்கு ஒரு பட்டம் தேவைப்பட்டது என்பதே இந்த மாற்றத்தின் காரணம்.

பேரரசர் உயிரோட இருக்கும்போது ஷோகுன் எப்படி ஆள முடியும்? நம்ம பேஷ்வா மாதிரியா?

ஓரளவுக்கு. சாத்தாராவில் சத்ரபதி இருக்க, புனேயில் பேஷ்வா பரம்பரையாக ஆண்டதை நினைத்தால் வடிவம் பிடிபடும். ஆனால் பேஷ்வா அரசரின் தலைமை அமைச்சர். ஷோகுன் அரசவை அமைச்சர் வரிசையிலேயே இல்லாத, களத்துக்கு அனுப்பப்பட்ட அதிகாரி. ஆகவே அவருடைய நிர்வாகம் கியோத்தோ அரசவைக்குப் பக்கத்தில் தனியாக வளர்ந்தது. காமகுராவுக்குப் பின் வந்த அஷிகாகா குடும்பத்து ஷோகுன்கள் கியோத்தோவிலேயே இருந்தார்கள். காமகுரா ஆட்சியும், கடைசியாக வந்த தோக்குகாவா குடும்பத்து ஆட்சியும் கிழக்கில் தொலைவில் இருந்தன.

அரசவையை அழிக்காமல் விட்டது பெருந்தன்மையால் அல்ல. நியமனம் செய்ய ஒருவர் இருந்தால்தானே நியமிக்கப்பட்டவருக்கு மதிப்பு? ஆகவே கட்டுப்படுத்தினார்கள். 1615-இல் தோக்குகாவா ஆட்சி அரசவைக்கென 17 விதிகள் போட்டது. பேரரசர் முதன்மையாகக் கல்வியில் ஈடுபட வேண்டும் என்று முதல் விதியே தொடங்குகிறது.

ஷோகுன் செத்தா மகன் தானாவே ஷோகுன் ஆயிடுவானா?

குடும்பத் தலைமை தானாக வரும், பட்டம் வராது. ஒவ்வொருவருக்கும் கியோத்தோவிலிருந்து தனி நியமன ஆணை வர வேண்டும். யோரித்தோமோவுக்கு ஆணை பிறந்தது 1192-இன் ஏழாம் மாதம் 12-ஆம் நாள். தூதர்கள் அதைக் காமகுராவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது 26-ஆம் நாள். முதல் மூன்று தோக்குகாவா ஷோகுன்களும் கியோத்தோவுக்கு அருகிலுள்ள ஃபுஷிமி கோட்டையில் ஆணையைப் பெற்றார்கள். நான்காமவரான இயேத்சுனா முதல் பதினான்காமவர் வரை, தூதர்களே தோக்குகாவா தலைநகரான எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) போனார்கள். யார் யாரைத் தேடிப் போகிறார்கள் என்பதிலேயே அதிகாரம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று தெரியும்.

இரண்டும் வேறு என்பதற்குக் கடைசி ஷோகுன் யோஷினோபுவைவிடத் தெளிவான சான்று இல்லை. 1866-இல் பதினான்காம் ஷோகுன் இயேமோச்சி இறந்ததும் தோக்குகாவா குடும்பத் தலைமையை ஏற்றார். ஷோகுன் பட்டத்தை மட்டும் மாதக்கணக்கில் மறுத்தார். அந்த மாதங்களில் ஜப்பானில் ஷோகுனே இல்லை. மறுபக்கம், ஏழாம் ஷோகுன் இயேத்சுகு 1713-இல் நியமிக்கப்பட்டபோது அவருக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. 'படைத்தலைவர்' என்ற பொருள் அதற்குள் எவ்வளவு தேய்ந்திருந்தது என்று பாருங்கள்.

மினமோத்தோ வம்சத்துல பிறந்தவங்கதான் ஷோகுன் ஆக முடியுமாமே? அதனாலதான் நோபுநாகாவும் ஹிதேயோஷியும் ஆகலையாம்?

அப்படி ஒரு விதி இருந்ததில்லை. தமுராமரோ சகனோவே குடும்பம். காமகுராவின் நான்காம், ஐந்தாம் ஷோகுன்கள் ஃபுஜிவாரா வழியினர். ஆறு முதல் ஒன்பது வரை பேரரசர் குடும்பத்து இளவரசர்கள். அஷிகாகாவும் தோக்குகாவாவும் மினமோத்தோ வழி என்று சொல்லிக்கொண்டதால் அது மரபாகப் பேசப்பட்டது. இயேயாசுவே ஒரு காலத்தில் தன்னை ஃபுஜிவாரா என்று பதிந்துகொண்டவர்தான்.

அஷிகாகாவுக்குப் பின் நாட்டில் வலிமை பெற்ற ஓடா நோபுநாகாவுக்கு 1582-இல் அரசவை கம்பாக்கு (பேரரசரின் பெயரால் ஆள்பவர்), தலைமை அமைச்சர், ஷோகுன் ஆகிய மூன்று பதவிகளில் ஒன்றைத் தர முன்வந்தது. முடிவாகும் முன் ஹொன்னோஜி கோயிலில் இறந்தார். அவருக்குப் பின் வந்த ஹிதேயோஷி 1585-இல் கம்பாக்கு ஆனார், அது அரசவைப் படிநிலையில் மிக உயர்ந்த இடம். ஷோகுன் ஆவதற்காகக் கடைசி அஷிகாகா ஷோகுன் யோஷியாக்கியிடம் தத்துப்போகக் கேட்டு மறுக்கப்பட்டார் என்பது எடோ காலத்தில் பரவிய கதை.

எல்லா ஷோகுனும் நிஜமாவே ஆண்டாங்களா?

இல்லை. காமகுராவில் மூன்றாம் ஷோகுன் சனேதோமோ 1219-இல் கொலையுண்டதும் யோரித்தோமோவின் வழி அற்றுப்போனது. அதன்பின் அதிகாரம், ஷோகுனின் பெயரால் ஆட்சி நடத்தும் ஷிக்கென் என்ற பதவியிலிருந்த ஹோஜோ குடும்பத்திடம். கியோத்தோவிலிருந்து குழந்தைகளையும் இளவரசர்களையும் வரவழைத்து ஷோகுனாக வைத்தார்கள், வளர்ந்து தொல்லை கொடுத்தால் திருப்பி அனுப்பினார்கள். யோரித்தோமோவின் மனைவி ஹோஜோ மசாக்கோவை 'துறவி ஷோகுன்' என்பார்கள். செல்வாக்கைக் குறித்த பெயர் அது. அவருக்கு நியமனம் எதுவும் இல்லை. பெண் யாரும் இந்தப் பட்டத்தில் இருந்ததில்லை.

தலைகீழாகவும் நடந்தது. தோக்குகாவா இயேயாசு 1603-இல் ஷோகுனாகி 1605-இலேயே மகன் ஹிதேதாதாவுக்கு விட்டுக்கொடுத்தார். பட்டம் மகனிடம், பிடி அப்பாவிடம். ஒரு ஆண்டில் யார் ஷோகுன் என்று தெரிந்துகொண்டால், யார் ஆண்டது என்று இன்னொரு முறை தேட வேண்டும்.

மொத்தம் எத்தனை ஷோகுன்?

காமகுரா 9, அஷிகாகா 15, தோக்குகாவா 15. கூட்டினால் 39. பட்டியலுக்குப் பட்டியல் எண் மாறுவதற்கு இரண்டு காரணங்கள். 1333-இல் பேரரசர் கோ-தைகோ தன் மகனான இளவரசர் மோரியோஷியை ஷோகுனாக்கினார். அவரைச் சேர்ப்பவர்களும் உண்டு, விடுபவர்களும் உண்டு. அஷிகாகா யோஷிதானே துரத்தப்பட்டு மறுபடி வந்ததால் இரண்டு முறை இருந்தவர். அவரை ஒருமுறையே எண்ண வேண்டும்.

அப்போ மக்கள் அவரை ஷோகுன்னுதான் கூப்பிட்டாங்களா?

எடோ காலத்தில் குபோ-சாமா, உயே-சாமா என்பவையே வழக்கு. ஆட்சியைக் கோகி என்றார்கள். இன்று நாம் எழுதும் பாக்குஃபு, படைத்தலைவரின் கூடார அலுவலகம் என்று பொருள்படும் சொல், ஆட்சியின் பெயராகப் பரவியது எடோ காலத்தின் கடைசியில்தான். வெளிநாட்டுக் கடிதங்களில் வேறு பெயர் தேவைப்பட்டது. அரசர் என்றால் பேரரசருக்கு இடிக்கும், ஷோகுன் என்றால் வெறும் தளபதி என்று அயலார் நினைப்பார்கள். கொரியாவுடனான கடிதங்களில் 1630-களில் தைக்குன் என்ற பெயர் புகுந்தது. 1858-இன் அமெரிக்க ஒப்பந்தத்திலும் அதுவே. பெரும் தொழிலதிபரைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் டைக்கூன் இதிலிருந்து பிறந்ததுதான்.

'புறத்தாரை அடக்குபவர்'ங்கிற பொருளை யாரும் பிறகு கண்டுக்கவே இல்லையா?

1853-இல் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெரி நான்கு கப்பல்களுடன் வந்தபோது அந்தப் பழைய 'இ' மறுபடி உயிர்பெற்றது. அந்நியரைத் துரத்து என்று பொருள்படும் ஜோ-இ முழக்கத்தில் இருப்பதும் அதே எழுத்து. பட்டத்திலேயே அந்தக் கடமையை வைத்துக்கொண்டு, 1858-இல் பேரரசரின் ஒப்புதலும் இல்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது எப்படி என்று எதிரிகள் கேட்டார்கள். இயேமோச்சி 1863-இல் கியோத்தோவுக்கே போக வேண்டியதாயிற்று. 1634-க்குப் பிறகு எந்த ஷோகுனும் அங்கே போனதில்லை. அந்நியரைத் துரத்த ஐந்தாம் மாதம் 10-ஆம் நாளைக் கெடுவாகவும் ஏற்றார். அந்நாளில் மேற்கிலிருந்த சோஷூ சிற்றரசு மட்டும் ஷிமோனோசெக்கி நீரிணையில் அந்நியக் கப்பல்களைச் சுட்டது. நிறைவேற்ற முடியாத கடமை ஒன்று பட்டத்தின் பெயரிலேயே ஒட்டியிருந்ததால், ஷோகுனுக்குத் தப்ப வழியில்லாமல் போனது.

பட்டம் எப்போ ஒழிஞ்சது? தேதி ஆளுக்கு ஒண்ணா இருக்கே?

யோஷினோபு ஆட்சியைப் பேரரசரிடம் திருப்பித் தந்தது 1867 நவம்பர் 9. ஷோகுன் பதவியே ஒழிக்கப்பட்டது 1868 ஜனவரி 3. ஆனால் ஜப்பானிய நாள்காட்டியில் இவை கெய்யோ 3-ஆம் ஆண்டின் பத்தாம் மாதம் 14-ஆம் நாளும் பன்னிரண்டாம் மாதம் 9-ஆம் நாளும். ஜப்பான் 1873 ஜனவரி 1 முதல்தான் கிரெகோரியன் நாள்காட்டிக்கு மாறியது.

ஆண்டை மட்டும் மேலைநாட்டு எண்ணாக்கி மாதத்தையும் நாளையும் பழையபடியே விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. அப்படிச் செய்தால் பதவி ஒழிந்தது '1867 டிசம்பர் 9' ஆகிவிடும். யோஷினோபு நியமனம் பெற்றதும் பன்னிரண்டாம் மாதத்தில். சரியான தேதி 1867 ஜனவரி 10, பல நூல்களில் 1866. ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களில் நடந்தவற்றை எப்போதும் சரிபாருங்கள்.

இரண்டாம் உலகப் போர்ல டோஜோ ஷோகுனா இருந்தாரா?

இல்லை. டோஜோ ஹிதேக்கி 1941 அக்டோபர் முதல் 1944 ஜூலை வரை பிரதமர், படையில் தைஷோ. அன்றைய தளபதிகளின் படிகள் கீழிருந்து ஷோஷோ, சூஜோ, தைஷோ. இவற்றில் இருப்பது ஷோகுனின் முதல் எழுத்து மட்டுமே. 'நோகி ஷோகுன்' என்பதுபோல் நவீன தளபதிகளின் பெயரோடும் இச்சொல் வரும். அது மரியாதை வழக்கு, நாம் தளபதி என்று சொல்வதுபோல். சேய்-இ-தை-ஷோகுன் யோஷினோபுவோடு முடிந்தது.

தமிழ்ல ஷோகனா, ஷோகுனா?

ஷோகுன். முதல் உயிர் நெடில், இரண்டாம் அசையில் தெளிவான 'கு'. 'ஷோகன்' ஆங்கில உச்சரிப்பு வழியாக வந்தது. பெயர்களில் குடும்பப் பெயரே முன்னால் வரும்: தோக்குகாவா இயேயாசு. பழைய குலப்பெயர்களோடு வரும் 'நோ' என்பதை விடாதீர்கள்: மினமோத்தோ நோ யோரித்தோமோ. அஷிகாகா, தோக்குகாவா போன்ற வீட்டுப்பெயர்களோடு அது சேராது.